50,000 ரூபாய்க்குள் ரேடியம் கட்டிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

3 மார்ச் 2024, கேள்வி

முசிறியில் ஸ்டிக்கர் கடை போடப் போகிறேன். அப்பா சுவர் விளம்பரம் எழுதுபவர், எனக்குக் கம்ப்யூட்டரில் எழுத்தும் படமும் வரைகிற கோரல் டிரா தெரியும். ஸ்டிக்கர் ஷீட்டில் எழுத்து வெட்டும் மெஷின் வாங்கக் கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. 2 அடி அகல மெஷின் எடுக்கவா, 4 அடி எடுக்கவா? பிளேடு அழுத்துகிற பலம் ஒரு கடையில் 500 கிராம் ஃபோர்ஸ் என்கிறார்கள், இன்னொரு கடையில் 750 கிராம் என்கிறார்கள். அதிகம் உள்ளதை எடுப்பதுதானே சரி? அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள்.

3 மார்ச் 2024, இரவு

தம்பி, நான் கரூரில் பஸ், வேன், லாரிக்கு எழுத்து வெட்டி ஒட்டுகிறவன். 2011-லிருந்து இதுதான் தொழில்.

முதலில் அந்த ஃபோர்ஸ் கணக்கை விட்டுவிடு. சாதாரண ஸ்டிக்கர் ஷீட்டுக்கு, அதாவது வினைலுக்கு, 80 முதல் 120 கிராம் போதும். இரவில் மின்னும் ஒளிர் ஷீட்டுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். கிரானைட்டில் கல்வெட்டு எழுத்து எடுக்க ரப்பர் ஸ்டென்சில் வெட்டுகிறவர்களுக்குத்தான் உண்மையில் பலம் தேவை. நீ அந்த வேலைக்குப் போகப் போவதில்லை என்றால் 500-க்கும் 750-க்கும் உனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அகலமும் அப்படித்தான். 4 அடி ரோலைக் கடையிலேயே இரண்டாக அறுத்துக் கொடுப்பார்கள். விலை குறைந்த 4 அடி மெஷினில் பிளேடைப் பிடித்த தலை ஓடுகிற ரெயில் நீளம். அது நடுவில் ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் போதும், ஓரத்தில் வெட்டுகிற ஆழம் நடுவில் வராது. 2 அடியே எடு.

நீ பார்க்க வேண்டியது, ஷீட் எத்தனை மீட்டர் கோணாமல் முன்னும் பின்னும் போய்வருகிறது என்பதை. நான் முதலில் வாங்கியது புது ஸ்டெப்பர் மோட்டார் மெஷின், அதாவது படிப்படியாக நகரும், சரியான இடத்துக்குப் போனதா என்று பார்க்காது. ஒரு அடி, இரண்டு அடி எழுத்தெல்லாம் அழகாக வெட்டியது. முதல் முறையாக ஒரு பஸ்ஸின் பக்கவாட்டுக்கு 3 மீட்டர் நீளத்தில் டிராவல்ஸ் பெயர் போட்டேன். வெட்டி முடித்து உரித்துப் பார்த்தால் கடைசி எழுத்து 4 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. எழுத்தின் கோடு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரவில்லை, வாய் திறந்து நின்றது. அன்றைக்கு 3 மீட்டர் ஷீட் குப்பைக்குப் போனது. அதனால் சொல்கிறேன், போன இடத்தைத் தானே சரிபார்த்துக்கொள்கிற சர்வோ மோட்டார் உள்ள மெஷினாகப் பார். ரோலண்ட், கிராஃப்டெக் மாதிரி ஜப்பான் மெஷின்கள் சர்வோ. புதிது வாங்க உன் கையில் இருப்பது போதாது. உன் பணத்துக்குப் பழையதுதான் கிடைக்கும். பழைய சர்வோ, புது ஸ்டெப்பரைவிட மேல்.

4 மார்ச் 2024

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதுதான் முக்கியமானது.

மெஷின் காட்டுகிற கடைகளில் ஒரு பூ, ஒரு குதிரை, நாலு இங்கிலீஷ் எழுத்து வெட்டிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்காதே. உன் பென்டிரைவில் தமிழ் எடுத்துக்கொண்டு போ. 'அருள்மிகு கருப்பண்ணசாமி துணை', 'ஸ்ரீ மாரியம்மன் டிரான்ஸ்போர்ட்', உன் ஊர்ப் பெயர், இப்படி எதுவானாலும் சரி. எழுத்து உயரம் 10 மி.மீ. ஒரு வரி, 25 மி.மீ. ஒரு வரி. அதை அங்கேயே வெட்டச் சொல், எழுத்தைச் சுற்றி மிஞ்சும் வேஸ்டை நீயே உரி.

காரணம் புள்ளி. 10 மி.மீ. எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றரை மி.மீ. கூட இருக்காது. பிளேடு மழுங்கியிருந்தாலும், தலை ஆடினாலும், வட்டம் முழுசாக மூடாது. உரிக்கும்போது புள்ளி வேஸ்டோடு சேர்ந்து கிளம்பிவிடும். இங்கிலீஷில் சின்ன 'ஐ', 'ஜே' இரண்டுக்குத்தான் அந்தத் தொல்லை. நமக்கு வார்த்தைக்கு இரண்டு.

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மினி பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு 'அருள்மிகு' என்று தொடங்கும் ஒரு வரி. அவசர வேலை, ராத்திரி பதினொரு மணிக்கு ஒட்டி அனுப்பினேன். காலையில் கோயிலில் பூஜை போட நிறுத்தியபோது பூசாரிதான் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: 'ள்'-க்குப் புள்ளி இல்லை. 'அருளமிகு' என்று நிற்கிறது. உரிமையாளர் திட்டவில்லை. "பூஜைக்கு முன்னாடி சரி பண்ணிடலாமா?" என்று போனில் கேட்டார், அவ்வளவுதான். சிவப்பு ஷீட்டும் ஒரு பஞ்ச் கருவியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து ஒட்டும் முன் புள்ளிகளை எண்ணாமல் எதுவும் கடையை விட்டுப் போனதில்லை. கோப்பில் எத்தனை, ஷீட்டில் எத்தனை. சத்தமாக எண்ணுவேன்.

அடுத்தது மூலை. 'ட', 'ப' இரண்டையும் கண்ணருகே வைத்துப் பார். பிளேடின் நுனி அச்சுக்கு நேர் நடுவில் இருக்காது, சாதாரணமாக 0.25 மி.மீ. தள்ளி இருக்கும். அந்த அளவை மெஷினில் போட வேண்டும், ஆஃப்செட் என்பது இதுதான். குறைவாகப் போட்டால் 'ட'-வின் மூலை மழுங்கி உருண்டிருக்கும். கூடிப்போனால் மூலையில் சின்னக் காது முளைக்கும். ஆஃப்செட்டை மாற்றியும் மூலை சரியாகவில்லை என்றால் கோளாறு பிளேடு ஹோல்டரில் இருக்கும், இல்லை தலை ஆடும்.

4 மார்ச் 2024, இரவு

ஒரு திருத்தம். 10 மி.மீ. வரியில் புள்ளி போனால் அந்த மெஷின் வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. சில எழுத்துருக்களில் புள்ளியே அவ்வளவு சின்னது. பழைய பாமினி வகையில் அடிப்பவர்கள், கோரல் டிராவில் எழுத்தைக் கோடாக மாற்றியபின் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஒன்றே கால் மடங்கு பெரிதாக்கிவிடுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஷீட்டில் நிற்கும். வேகத்தையும் பாதியாகக் குறைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

இன்னொன்று: 'லி', 'கி' மாதிரி எழுத்துகளில் கொக்கி மூல எழுத்தின் மேல் ஏறியிருக்கும். அதை வெல்ட் பண்ணாமல், அதாவது இரண்டையும் ஒரே வடிவமாக இணைக்காமல், அனுப்பினால், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடத்தையும் மெஷின் வெட்டிவிடும். அது மெஷின் கோளாறு இல்லை. வாங்கப் போகிற இடத்தில் அதற்காகச் சண்டை போடாதே.

6 மார்ச் 2024

இங்கே ஒருவர் "அந்தப் பணத்துக்குச் சின்ன லேசர் வாங்கினால் வினைலும் வெட்டும், அக்ரிலிக்கும் வெட்டும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். நாம் வெட்டுகிற வினைல் பி.வி.சி. அதை லேசரில் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரம் பட்டால் அது அமிலம். மெஷினின் கண்ணாடி, ரெயில் எல்லாவற்றையும் அரித்துவிடும். அதற்கு முன் உன் நெஞ்சை அரிக்கும். அக்ரிலிக்குக்கு லேசர், வினைலுக்குக் கத்தி. இதில் யார் சொன்னாலும் மாறாதே.

9 மார்ச் 2024

தம்பி தனியாகக் கேட்டிருந்தான்: "நம்பர் பிளேட் வேலையை நம்பித்தான் கணக்குப் போட்டிருக்கிறேன், மாதத்துக்கு எத்தனை வரும்?"

அந்தக் கணக்கை அழித்துவிடு. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கிற புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு கட்டாயம். வண்டியோடே அது வந்துவிடுகிறது. அதற்கு முன் என் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு பேர் பிளேட்டோடு நிற்பார்கள். மதியச் சாப்பாட்டுச் செலவு அதிலேயே வந்துவிடும். இன்றைக்கு அது போய்விட்டது. பள்ளி வேன், கடைக் கண்ணாடி, டிராக்டர் டிரெய்லர், ஆஸ்பத்திரி அறைப் பலகை, கல்யாண கார் ஸ்டிக்கர், இவற்றை நம்பு. முசிறியில் காவிரிக் கரையோரம் விவசாய வண்டி அதிகம். டிரெய்லருக்குப் பின்னால் ஒளிர் ஷீட் ஒட்டுகிற வேலையை விடாதே. இரவில் அது ஒரு உயிரைக் காப்பாற்றும்.

இந்த ஷீட்டைத்தான் நம் ஊரில் ரேடியம் என்கிறோம். இப்போது எல்லா ஸ்டிக்கருக்கும் அதே பெயர். ரேடியம் துளியும் இதில் இல்லை. சின்னக் கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. கண்ணாடி மணி வகையை வெட்டினால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். அதற்கென்று 60 டிகிரி பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள். அதே பிளேடைச் சின்ன எழுத்துக்குப் போடாதே.

10 மார்ச் 2024

மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஷீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஸ் பாடி கட்டுகிற ஊரில் இருப்பதால் இது எனக்குப் பேசித் தீராத விஷயம்.

வினைலில் இரண்டு வகை. ஒன்று சூட்டில் உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்வது, காலண்டர்டு. இன்னொன்று திரவமாக ஊற்றிப் படியவைத்துச் செய்வது, காஸ்ட். இழுத்துச் செய்ததற்குள் அந்த இழுவை அப்படியே இருக்கும். வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ஊற்றிச் செய்ததற்கு அந்த அவசரம் இல்லை, படுத்த இடத்தில் படுத்திருக்கும். ஓராக்கல் என்ற பிராண்டு ஷீட்டில் 651 முதல் வகை, 951 இரண்டாம் வகை. கடைக் கண்ணாடி, சமமான பலகை என்றால் 651 தாராளம். ரிவெட் வரிசை வரிசையாக இருக்கும் பஸ் தகட்டில் அதை ஒட்டினால், சித்திரை வெயிலில் ரிவெட்டைச் சுற்றிக் கூடாரம் மாதிரி எழும்பிவிடும். வாடிக்கையாளர் மெஷினையோ ஷீட்டையோ கேட்க மாட்டார், உன்னைத்தான் கேட்பார்.

காஸ்ட் மெல்லியது. மெஷினில் ஆழம் சரியாக வைக்கத் தெரியாதவன் கையில் அது காகிதத்தோடு சேர்ந்து கிழியும். ஃபோர்ஸைத் தொடுவதற்கு முன் பிளேடு வெளியே நீட்டியிருக்கும் அளவைக் குறை. பின் காகிதத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழ வேண்டும், விரலால் தடவினால் தெரியக் கூடாது. ஒரு சதுரத்துக்குள் முக்கோணம் வெட்டி, சதுரத்தை மட்டும் உரித்துப் பார். முக்கோணம் அசையாமல் நின்றால் சரி.

24 மார்ச் 2024

இன்று தம்பியோடு திருச்சிப் பக்கம் ஒரு பழைய மெஷின் பார்க்கப் போனேன். கடையை மூடுகிற பெரியவர் ஒருவர் விற்கிறார். 2 அடி, ஜப்பான் சர்வோ. கேட்ட விலை 40,000. "வெட்டு கொஞ்ச நாளாகக் கோணுது, அதனாலதான் இந்த விலை" என்று அவரே சொன்னார்.

நான் பார்த்த வரிசையில் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

பிளேடு ஓடுகிற பாதைக்குக் கீழே ஒட்டியிருக்கும் பட்டையில் நகத்தை ஓட்டினேன். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு நகம் மாட்டியது. முன்பு யாரோ ஆழம் கூடுதலாக வைத்து வெட்டிய தடம். அந்தப் பள்ளத்துக்கு மேல் வருகிற எழுத்து சரியாக வெட்டுப்படாது. பட்டை மலிவு, மாற்றிவிடலாம். அடுத்து மேல் ரோலர்கள். ஷீட்டை எடுத்தபின்னும் லீவரை இறக்கியே வைத்திருந்தால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். இவருடையது உருண்டையாக இருந்தது. கீழே சொரசொரப்பான உருளையில் காகிதத் தூள் அடைந்திருந்தது, பல் தேய்க்கும் பிரஷ் போதும்.

அப்புறம் பிளேடு ஹோல்டரைக் கழற்றினேன். நுனியை வாயருகே பிடித்து ஊதினால் பிளேடு காற்றாடி மாதிரி சுற்ற வேண்டும். சுற்றவில்லை. விரலால் தொட்டால் திக்கித் திக்கித் திரும்பியது. பிளேடை வெளியே எடுத்து, ஹோல்டர் வாயை வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே நூல் மாதிரி ஒரு வெள்ளை வினைல் இழை, அதில் பசை, அதைச் சுற்றித் தூசி. குண்டூசியால் இழுத்தபோது அரை அங்குலத்துக்கு வந்தது. துடைத்து, பிளேடைப் போட்டு, ஊதினேன். சுற்றியது.

'டட்டட்டப்பப்' என்று ஒரு வரி வெட்டினோம். எல்லா மூலையும் கத்தி மாதிரி வந்தது.

பெரியவர் அந்த இழையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதமாக மெஷின் போய்விட்டது என்றே நினைத்திருக்கிறார். இனி விலை ஏறும் என்று தம்பி முகம் சுருங்கிவிட்டது. நான், "ஐயா, இது இப்ப நல்ல மெஷின், 40,000-க்கு நீங்க தர வேண்டியதில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். வீட்டில் கேட்டுவிட்டு ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொன்னார்.

25 மார்ச் 2024

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த இழையைப் பார்த்ததிலிருந்து என் முதல் மெஷின் நினைவாகவே இருக்கிறது.

3-ஆம் தேதி எழுதியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். 3 மீட்டரில் 4 மி.மீ. இறங்கியதற்கு ஸ்டெப்பர் மோட்டார்தான் காரணம் என்று பதிமூன்று வருடமாக நம்பிவந்தேன். அன்று எப்படி வெட்டினேன் என்று யோசித்துப் பார்த்தால், 50 மீட்டர் முழு ரோலைப் பின்னால் கம்பியில் மாட்டி, மெஷினையே இழுக்கவிட்டிருந்தேன். அந்தக் கனத்தை மேல் ரோலர்கள் இழுக்கும்போது ஷீட் வழுக்கத்தான் செய்யும். எந்த மோட்டாராக இருந்தாலும் வழுக்கும். ஷீட்டைத் தேவையான நீளத்துக்கு முன்பே உருவி, பின்னால் தொங்கலாக விட்டு, ஒருமுறை முழு நீளமும் போய் வரவிட்டு, கோணல் இருந்தால் திருத்தி, அப்புறம் வெட்ட வேண்டும். இது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் மெஷினை விற்றுவிட்டேன்.

சர்வோ சத்தம் குறைவு, வேகம் அதிகம், நீளத்துக்கு நம்பகம், இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஸ்டெப்பரை ஒதுக்கித் தள்ளி நான் எழுதியது நியாயம் இல்லை. பெரியவர் தர மறுத்தால், உன் பணத்துக்குப் புது ஸ்டெப்பர் வாங்கு தம்பி. ஒன்றரை மீட்டருக்குள் வேலை செய், நீளமானதை இரண்டு துண்டாக, எழுத்து இடைவெளியில் பிரித்து வெட்டு. பிழைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் விசாரி: மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போனால் மாற்று போர்டு கையில் வைத்திருக்கும் ஆள் திருச்சியில் இருக்கிறாரா? இல்லை என்றால் வேறு மாடல் பார்.

31 மார்ச் 2024

பெரியவர் கூப்பிட்டார். அதே 40,000. மீதம் இருந்த மூன்று ரோல் ஷீட்டையும் சேர்த்து எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்.

14 ஏப்ரல் 2024

தம்பி கேட்கிறான்: மெஷின் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுகிறது, யு.எஸ்.பி. துண்டித்துவிடுகிறது, மென்பொருள் கோளாறா?

எர்த் பார். காய்ந்த வெயில் நாளில் வினைல் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் ஏறும். எர்த் இல்லாத பிளக்கில் அது போக வழியில்லாமல் யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரைத் தட்டும். மூன்று முள் பிளக் இருந்தால் மட்டும் போதாது, சுவருக்குள் எர்த் கம்பி உண்மையிலேயே போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார். யு.எஸ்.பி. கேபிள் குட்டையாக, தடியாக இருக்கட்டும்.

வெயில் நாளில் மத்தியானம் உரிக்காதே. பசை இளகி, வெட்டிய கோடு திரும்ப ஒட்டிக்கொள்ளும், புள்ளி முதலில் போகும். காலை ஏழு மணிக்கு உரி. மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு: பின் காகிதம் ஈரத்தைக் குடித்து அலை அலையாகும், ஷீட் ஓட்டம் கோணும். ரோலைத் தரையில் நிறுத்தாதே, பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போடாதே.

19 ஏப்ரல் 2024

எர்த் கம்பி சுவருக்குள் பாதியிலேயே அறுந்திருந்ததாம். சரிசெய்தபின் ஐந்து நாளாக நிற்கவே இல்லை.

வேறொருவர் கேட்டது: பிரின்ட் செய்த லேபிளைச் சுற்றி வெட்ட இந்த மெஷின் ஆகுமா? லேபிளோடு சேர்த்து அச்சடித்த குறியைப் பார்க்கும் கண் (சென்சார்) உள்ள மாடல் என்றால் ஆகும். பளபளப்பு லேமினேஷன் போட்ட ஷீட்டில் கண் குறியைத் தவறவிடும். குறியின் மேல் மட்டும் பளபளப்பில்லாத ஒட்டுத் தாளை ஒட்டினால் படித்துவிடும்.

2 ஜூன் 2024

பள்ளி திறக்கிற நேரம். தம்பி படம் அனுப்பியிருக்கிறான். மஞ்சள் வேன், பின்பக்கம் கறுப்பில் 'பள்ளி வாகனம்'. முதல் பெரிய வேலை. அவன் அப்பா ஷீட்டை அழுத்தித் தேய்க்கிற ஸ்க்வீஜி பிடித்து ஒட்டுகிறார். சுவரில் தூரிகை பிடித்த கை அல்லவா, ஒரு குமிழி தெரியவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ள்' ஒன்று, 'ம்' ஒன்று. இரண்டு புள்ளியும் இருக்கிறது.

தம்பி, 'ப'-வின் இடது கீழ் மூலை மட்டும் லேசாக உருண்டிருக்கிறது. ஆஃப்செட் 0.25-லிருந்து 0.28 வைத்துப் பார். சரியாகவில்லை என்றால் ஹோல்டரைக் கழற்றி ஊது.